வாடகை எவ்வளவு என்று ஒருமுறை கேளுங்கள்

சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தில் மூன்றாவது முழுமைத் திட்டத்தைத் தயாரிக்கும் அதிகாரிகளுக்கும், வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறைக்கும்,

வணக்கம்.

கூடுவாஞ்சேரியில் ஒரு சிறிய ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். டி.டி.பி. வேலையும் உண்டு. அதில் பெரும்பகுதி வாடகை ஒப்பந்தம் டைப் செய்து தருவதுதான். ஹவுஸ் ஓனரும் குடிவருபவரும் ஒன்றாக வந்து நிற்பார்கள். சில நேரம் புரோக்கரும் கூட வருவார். பெயர், விலாசம், அட்வான்ஸ், மாத வாடகை, 11 மாதம். பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்தில் எதிரே நடக்கும் பேச்சு காதில் விழாமல் இருக்காது. நகரமைப்பு படித்தவன் இல்லை நான். ஆனால் இந்தப் பகுதியில் யார் எதற்காக வீடு தேடி வருகிறார்கள், எவ்வளவு கொடுக்க முடிகிறது, எந்தத் தொகையில் வாய் மூடிக்கொள்கிறார்கள் என்பது எனக்கு ஓரளவு தெரியும்.

2027 முதல் 2046 வரைக்கான முழுமைத் திட்டம், அதாவது பெருநகரம் எப்படி வளர வேண்டும் என்று சொல்லும் மாஸ்டர் பிளான், எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகையில் உருவாகிவருகிறது. அதில் வீட்டுவசதி என்று ஓர் அத்தியாயம் இருக்கும். 2046ல் மக்கள்தொகை இத்தனை, குடும்பத்துக்குச் சராசரியாக இத்தனை பேர், ஆகவே இத்தனை லட்சம் வீடுகள் தேவை என்று ஒரு கணக்கும் அதில் வரும். அந்தக் கணக்கைப் பற்றித்தான் இந்த மடல். மக்கள்தொகையைக் குடும்ப அளவால் வகுத்து வரும் எண் வீட்டுத் தேவை ஆகாது என்பதே நான் சொல்ல வந்தது. எந்த வருமானம் உள்ள குடும்பத்துக்கு, எந்த இடத்தில், மாதம் எவ்வளவு ரூபாய்க்குள் வீடு வேண்டும் என்பது அதில் இல்லையென்றால், அந்த அத்தியாயத்தால் பயன்பெறப்போவது மனை விற்பவர்கள் மட்டும்தான்.

எங்கள் ஊர் நிலவரத்தைச் சொல்கிறேன். ஒரு ஹால், ஒரு கிச்சன், தனிக் கழிவறை உள்ள போர்ஷனுக்கு 6,000, 7,000 என்றுதான் பேச்சே தொடங்குகிறது. ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரம் என்றால் அதற்கும் மேலே. தண்ணீருக்குத் தனி. மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஓனர் சொல்வதுதான் கணக்கு. ஒரே இணைப்பில் மூன்று போர்ஷன் ஓடும்போது, அரசு தரும் இலவச மின்சாரம் யாருக்குப் போகிறது என்று குடியிருப்பவர் கேட்க முடியாது. அப்புறம் அட்வான்ஸ். மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் சொல்கிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொண்டால் சரி என்று அதே சட்டம் ஒரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. சென்னைக்காரர்கள் எல்லாரும் அந்த வாசல் வழியாகத்தான் போகிறார்கள். பத்து மாத அட்வான்ஸ் என்ற பழக்கம் இன்னும் சாகவில்லை. வட்டிக்கு வாங்கி அட்வான்ஸ் கட்டிய குடும்பத்துக்கு மாத வாடகை 7,000 இல்லை. வட்டியையும் சேர்த்தால்தான் உண்மையான வாடகை. அது எந்தப் பத்திரத்திலும் வராது.

பத்திரத்தில் வராத இன்னொன்றும் உண்டு. “வாடகையை 4,000 என்று போடுங்கள் தம்பி, மீதியைக் கையில் வாங்கிக்கொள்கிறேன்” என்பார் ஓனர். எதிரே நிற்பவர் தலையாட்டுவார். வேறென்ன செய்வார்? அலைந்து அலைந்து, ஜாதி கேட்டவர், சைவமா என்று கேட்டவர், பேச்சிலருக்கு இல்லை என்றவர் எல்லாரையும் தாண்டி இந்த வீட்டைப் பிடித்திருப்பார்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். வீட்டுச் செலவு குடும்ப வருமானத்தில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது உலகம் முழுக்கப் பழகிய அளவுகோல். 2008ல் மத்திய அரசு அமைத்த, தீபக் பரேக் தலைமையிலான பணிக்குழுவும் ஏழைக் குடும்பங்களுக்கு அதே 30 சதவீதத்தைத்தான் சொன்னது. பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தில் ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை இருந்தால் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவு. மாதம் 25,000. அதில் 30 சதவீதம் 7,500. ஆக எங்கள் ஊர் போர்ஷன் அந்தக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகிறது என்று உங்கள் அட்டவணை சொல்லும். ஆனால் அதே பிரிவில்தான் மாதம் 10,000 சம்பாதிக்கும் தனித்தாயும் இருக்கிறார். அவருக்கு 30 சதவீதம் என்பது 3,000. அந்த வாடகைக்கு வீடு கேட்டு யாரும் என் கடைப்பக்கம் வந்ததில்லை, ஏனென்றால் அப்படி ஒரு வீடே கிடையாது. 10,000 வாங்குபவரையும் 25,000 வாங்குபவரையும் ஒரே பிரிவில் போட்டுச் சராசரி எடுத்தால், கீழே இருப்பவர் கணக்கிலிருந்தே காணாமல் போகிறார். அந்தப் பிரிவை உங்கள் ஆய்வுக்காக மட்டுமாவது இரண்டாக, மூன்றாக உடைத்துப் பாருங்கள். திட்டங்களின் வருமான வரம்பு அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்தது, உங்கள் கையில் இருக்கும் தரவு. கடைசியாக எடுத்த மக்கள்தொகைக் கணக்கு 2011. 2021ல் நடக்க வேண்டியது தள்ளிப்போய், வீட்டுப்பட்டியல் 2026 ஏப்ரலுக்கும் செப்டம்பருக்கும் இடையில், தலை எண்ணிக்கை 2027 பிப்ரவரியில் என்று அறிவிக்கப்பட்டது. திட்டமும் 2027ல் தொடங்குகிறது. அதாவது, 20 ஆண்டுக்கான திட்டத்தைப் பதினைந்து வயதான கணக்கின் மேல் கட்டுகிறோம். இதில் உங்கள் தப்பு ஒன்றும் இல்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் புதுக் கணக்கு வந்ததும் வீட்டுவசதி அத்தியாயத்தைத் திரும்ப எழுதுவோம் என்று இப்போதே திட்டத்துக்குள் ஒரு வரி எழுதிவைக்கலாம் அல்லவா? இரண்டாவது முழுமைத் திட்டம் 2008 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. 2026 வரை அதுதான் ஓடியது. நடுவில் மாநகராட்சியின் எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. ஆவடியும் தாம்பரமும் மாநகராட்சிகள் ஆயின. பெருவெள்ளம் வந்தது, கொரோனா வந்தது. வீட்டுத் தேவை அப்படியேவா இருந்திருக்கும்?

மக்கள்தொகைக் கணக்கு வந்தாலும் ஒரு குறை தீராது. 2011ல் வீட்டுப்பட்டியல் எடுத்தவர்கள் சொந்த வீடா வாடகையா என்று கேட்டார்கள். எத்தனை அறை, எத்தனை மணமான தம்பதிகள் என்றும் கேட்டார்கள். வாடகை எவ்வளவு என்று கேட்கவில்லை. 2018ல் தேசிய மாதிரி ஆய்வில் கேட்டார்கள். ஆனால் அது சில வீடுகளை மட்டும் எடுத்துக் கேட்கும் மாதிரி ஆய்வு. மாநிலத்துக்கு ஒரு எண் தரும், கூடுவாஞ்சேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் தனித்தனியாகத் தராது. 2011 கணக்குப்படி இந்திய நகரங்களில் வாடகைக்குடிகள் 27.5 சதவீதம். தமிழ்நாட்டு நகரங்களில் அதைவிட நன்றாகவே அதிகம். இத்தனை பேர் மாதாமாதம் செலுத்தும் தொகைக்கு ஒழுங்கான அரசுப் பதிவு இல்லை. தங்கம் விலை தெரிகிறது, தக்காளி விலை தெரிகிறது. போன வருஷம் போரூரில் ஒரு படுக்கையறை வீட்டின் நடுத்தர வாடகை என்ன என்று கேட்டால் தனியார் இணையதளத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அங்கே போர்ஷன் வீடே வராது. கேட்டட் கம்யூனிட்டிதான் வரும்.

எண்ணும் முறையை மாற்றினால் எண் எப்படி மாறும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. 2012ல் அமிதாப் குண்டு தலைமையிலான தொழில்நுட்பக் குழு இந்திய நகரங்களின் வீட்டுப் பற்றாக்குறை 1.88 கோடி என்று கணக்கிட்டது. தமிழ்நாட்டின் பங்கு 12.5 லட்சம். அந்த 1.88 கோடியில் வீடே இல்லாமல் தெருவில் இருக்கும் குடும்பங்கள் சுமார் 5.3 லட்சம்தான். ஏறத்தாழ 1.5 கோடி, அதாவது ஐந்தில் நான்கு பங்கு, நெருக்கடியில் வாழும் குடும்பங்கள். கூரை இருக்கிறது, சுவர் இருக்கிறது. ஆனால் ஒரே அறையில் மாமனார் மாமியாரும் புதுத் தம்பதியும். மொத்தத்தில் 96 சதவீதம் நலிந்த பிரிவும் குறைந்த வருவாய்ப் பிரிவும். அதே சமயத்தில் 2011 கணக்குப்படி நகரங்களில் பூட்டிக் கிடந்த வீடுகள் 1.11 கோடி. பற்றாக்குறையும் பூட்டும் ஒரே தெருவில். வீட்டு எண்ணிக்கை மட்டும்தான் சிக்கல் என்றால் இந்த இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க முடியாது.

இன்னொரு சாட்சி கலிபோர்னியா. அங்கே 1969லிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் இத்தனை வீடுகள் தேவை என்று மாநிலம் சொல்லும். வட்டார அமைப்பு அதை நகரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். அதுவும் நான்கு வருமானப் பிரிவுகளாக. எந்த நகரமும் “எங்களுக்கு வேண்டாம், பக்கத்து ஊருக்குக் கொடுங்கள்” என்று தட்டிக்கழிக்கக் கூடாது. லாஸ் ஏஞ்சலிஸ் உள்ளிட்ட தென் கலிபோர்னியாவுக்கு முந்தைய சுற்றில் வந்த எண் 4.12 லட்சம். 2021 முதல் 2029 வரைக்கான சுற்றில் 13.4 லட்சம். மக்கள்தொகை மூன்று மடங்கு ஆகிவிடவில்லை. 2018ல் சட்டத்தைத் திருத்தி, இப்போதே நெருக்கடியில் இருப்பவர்களையும் வாடகைச் சுமையில் இருப்பவர்களையும் கணக்கில் சேர்க்கச் சொன்னார்கள். அதுவரை வரப்போகிறவர்களையே முக்கியமாக எண்ணிக்கொண்டிருந்தார்கள், இருப்பவர்களின் அவதி எண்ணில் வரவில்லை. அங்கேயும் எல்லாம் நடந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பணக்கார ஊர்கள் நீதிமன்றம் போகின்றன, ஏழைகளுக்கான பங்கு காகிதத்தில் இருக்கும் அளவுக்குத் தரையில் இல்லை. ஆனால் எந்த ஊர் எவ்வளவு பாக்கி என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இங்கே பாக்கி என்று ஒன்று இருப்பதே தெரியாது.

நம் ஊரில் அந்தப் பங்கீடு இல்லாததால் என்ன நடந்தது என்பதைக் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் பார்க்கலாம். 2000ஆம் ஆண்டில் கண்ணகி நகர் தொடங்கியது. அங்கே மட்டும் 15,000க்கு மேல் வீடுகள். கூவம் கரையிலிருந்தும் அடையாற்றங்கரையிலிருந்தும் மக்களை 20, 25 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் இறக்கினோம். வீடு கொடுத்தோமா என்றால் கொடுத்தோம். எண்ணிக்கையில் அது சாதனைதான். ஆனால் நுங்கம்பாக்கத்தில் மூன்று வீட்டில் பாத்திரம் தேய்த்த அம்மாவுக்குப் பெரும்பாக்கத்தில் வீடு கிடைத்தபோது வேலை போனது. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் மாறியது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைக் குடும்பங்களை அவசரமாக அனுப்பிய பெரும்பாக்கம், பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் பக்கத்தில் உள்ள ஊர். அந்த மழையில் அதுவும் தண்ணீரில்தான் நின்றது. குடிசை மாற்று வாரியத்தை 1970ல் தொடங்கியபோது, இருந்த இடத்திலேயே அடுக்குமாடி என்பதுதான் முதல் எண்ணம். மெரினாவிலிருந்து பட்டினப்பாக்கம் வரை கடற்கரையை ஒட்டி எழுந்த பழைய வாரியக் குடியிருப்புகள் அந்தக் காலத்து முடிவுகள். அந்த நிலத்தின் இன்றைய மதிப்பை நினைத்தால், இன்று அப்படி ஒரு முடிவை யாராவது எடுப்பார்களா என்று சந்தேகமாக இருக்கிறது. வாரியத்தின் பெயரை 2021ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். நல்ல பெயர்.

2022 மே மாதம் ஆர்.ஏ.புரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது ஒருவர் தீக்குளித்து இறந்துபோனார். அவர்களுக்கும் பெரும்பாக்கம்தான் சொல்லப்பட்டது. அதற்குப் பிறகுதான், மந்தைவெளி, மயிலாப்பூர் பக்கமே வீடு தரப்படும் என்று அன்றைய முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஓர் உயிர் போன பிறகு கிடைத்த அந்தப் பதில், வீட்டுத் தேவைக் கணக்கிலேயே முன்கூட்டி வந்திருக்க வேண்டியது. மயிலாப்பூர் மண்டலத்தில் இந்த வருமானத்தில் இத்தனை குடும்பங்கள், அவர்களுக்கு அதே மண்டலத்தில் இந்தந்த நிலம் என்று எழுதிவைத்திருந்தால் போதும்.

எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். 2022 அக்டோபரில் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904ஆக விரித்தீர்கள். அதில்தான் எங்கள் நந்திவரம்-கூடுவாஞ்சேரியும் உங்கள் கணக்கில் வந்தது. எங்களைக் கேட்டால், பெருநகரம் எங்களை எப்போதோ சேர்த்துக்கொண்டுவிட்டது. சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து காலை ரயிலில் ஏறிப் பாருங்கள், தெரியும். அரசாணை தாமதமாக வந்தது, அவ்வளவுதான். வீட்டுத் தேவைக் கணக்கு அந்த 5,904க்கும் சேர்த்து இருக்க வேண்டும். பழைய எல்லைக்குள் மட்டும் கணக்கு எடுத்தால், நகரத்தில் வாடகை கொடுக்க முடியாமல் வெளியே போனவர்கள் எல்லாம் “தேவை குறைந்துவிட்டது” என்ற தலைப்பில் வந்துவிடுவார்கள்.

2023 டிசம்பர் 30ஆம் தேதி கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தது. அதற்கு முன்னும் பின்னும் வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரியில் வாடகை எப்படி ஏறியது என்று எந்த அரசு அலுவலகமாவது அளந்ததா? 118.9 கிலோமீட்டருக்கு மெட்ரோவின் இரண்டாம் கட்டம் வருகிறது. அந்தத் தூண்கள் எழுந்த தெருக்களில் இப்போதே டு-லெட் போர்டின் நிறம் மாறிவிட்டது. ரயில் வரும் இடத்தில் கூடுதல் தளப்பரப்புக்கு அனுமதி தருகிறீர்கள், அதற்குப் பிரீமியம் என்று கட்டணம் வாங்குகிறீர்கள். நல்லது. அந்தக் கூடுதல் பரப்பில் ஒரு பங்கையாவது குறைந்த வாடகை வீடாகக் கேளுங்கள். பொதுப்பணத்தில் வந்த ரயில் ஏற்றிய நில மதிப்பு அது. முழுக்க மனைக்காரருக்கே போக வேண்டும் என்று எந்த நியாயமும் இல்லை.

மேற்கே திரும்பினால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய பெண் தொழிலாளர் குடியிருப்பைத் திறந்தார்கள். 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவு, 18,720 படுக்கைகள். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு நஞ்சாகி, அந்தப் பக்கத் தொழிற்சாலைப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்ததை நினைத்துப் பார்த்தால், இது பெரிய மாற்றம். மனதாரப் பாராட்டலாம். ஆனால் படுக்கை என்பது இருபது வயதுப் பெண்ணுக்கான விடை. அதே பெண் இருபத்தாறு வயதில் கல்யாணம் செய்துகொண்டு அதே தொழிற்சாலையில் தொடர விரும்பினால் எங்கே குடியிருப்பார்? சுற்றுவட்டார ஊராட்சிகளில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட லைன் வீடுகள்தான் அவருக்குக் காத்திருக்கின்றன. கட்டடம் கட்ட வந்த ஒடிசா, பீகார் தொழிலாளர்களோ தகர ஷெட்டில் இருக்கிறார்கள். அவர்கள் உங்கள் “குடும்பம்” என்ற கட்டத்துக்குள்ளேயே வருவதில்லை. ஒரு தொழிற்பேட்டைக்கு நிலம் ஒதுக்கும்போது, அங்கே இத்தனை பேர் வேலை செய்வார்கள், இந்தச் சம்பளத்தில் இத்தனை குடும்பங்களுக்கு எட்டு, பத்து கிலோமீட்டருக்குள் வீடு வேண்டும் என்று கூடவே எழுதுவதில் என்ன கஷ்டம்? தண்ணீர் எவ்வளவு, மின்சாரம் எவ்வளவு என்று எழுதத் தெரிகிறதே.

தூரத்தில் வீடு மலிவு என்பதும் பாதிதான் உண்மை. பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை என்பது எங்கள் பக்கக் குடும்பங்களுக்கு உண்மையிலேயே பெரிய உதவி. ஆனால் கணவர் பைக்கில் பெருங்குடிக்கோ அம்பத்தூருக்கோ போய்வரும் பெட்ரோலும், இரவு ஷிப்டு முடிந்து ஷேர் ஆட்டோவுக்குக் கொடுப்பதும் வாடகையோடு சேர்ந்துதான் வருகின்றன. வாடகையையும் போக்குவரத்தையும் கூட்டி ஒரே எண்ணாக அளந்தால், பல இடங்களில் தாம்பரம் போர்ஷனும் செங்கல்பட்டு போர்ஷனும் ஒரே விலைக்கு வந்து நிற்கும்.

இனி நான் கேட்பது.

முதலில், உள்ளாட்சிக்கு உள்ளாட்சி பங்கு பிரியுங்கள். பெருநகரம் முழுக்க ஒரே எண் போதாது. சென்னை, தாம்பரம், ஆவடி மாநகராட்சிகள் இவ்வளவு, பூந்தமல்லி இவ்வளவு, ஒரகடத்தைச் சுற்றிய ஊராட்சிகள் இவ்வளவு, ஒவ்வொன்றிலும் மாதம் 3,000 வாடகைக்குள் இத்தனை, 7,500க்குள் இத்தனை. சென்னை மாநகராட்சிக்குள்ளும் மண்டல வாரியாகப் பிரிக்க வேண்டும். அடையாறு மண்டலத்தின் ஏழைகளுக்கு அடையாறிலேயே இடம் தேடும் கடமை அப்போதுதான் யாருக்காவது வரும். இல்லாவிட்டால் நிலம் மலிவாக இருக்கும் ஏதோ ஓர் ஏரிக்கரை ஊராட்சிதான் மொத்தச் சுமையையும் வாங்கிக்கொள்ளும். இதை வெறும் அதிகாரிகள் உட்கார்ந்து செய்ய முடியாது என்பதும் தெரியும். கவுன்சிலர்களும் ஊராட்சித் தலைவர்களும் உட்கார வேண்டிய மேசை அது. அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் பெருநகரத் திட்டக் குழு என்று ஒன்றைச் சொல்கிறது. அதில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்களை உள்ளாட்சிப் பிரதிநிதிகளே தங்களுக்குள் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது விதி. பங்கு பிரிக்க அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது, 10 சதவீதக் கணக்கு. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் வீடு கட்டுபவர் பத்தில் ஒரு பங்கு இடத்தைக் குறைந்த வருவாய்க் குடும்பங்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று இரண்டாவது முழுமைத் திட்டத்தின் விதிகளிலேயே இருக்கிறது. 2008லிருந்து எத்தனை பெரிய குடியிருப்புகளுக்கு அனுமதி கொடுத்திருப்பீர்கள்! அந்தப் பத்தில் ஒரு பங்கு எங்கே கட்டப்பட்டது, யார் வாங்கினார்கள், இன்று யார் குடியிருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் போடுங்கள். இரண்டு சிறிய வீடுகளைச் சேர்த்து ஒன்றாக்கி விற்ற கதைகள் எங்கள் கடைப்பக்கம் சகஜமாகப் பேசப்படுகின்றன. உண்மையா பொய்யா என்று நான் சொல்ல முடியாது. பட்டியல் இருந்தால் யாரும் கதை பேச வேண்டியதில்லை.

மூன்றாவதுதான் என் தொழிலோடு ஒட்டியது. 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி, எல்லா ஒப்பந்தங்களும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். அதற்கு அரசு இணையதளமும் இருக்கிறது. அந்தச் சட்டத்தைப் பார்த்துக்கொள்வது வீட்டுவசதித் துறை. அதே துறையின் கீழ்தான் நீங்களும். அதாவது, வாடகை எவ்வளவு என்ற கேள்விக்கான பதிவேடு உங்கள் துறையிடமே இருக்க வேண்டியது. ஆனால் என்னிடம் வருபவர்களில் அதைப் பதிவு செய்ய வேண்டும் என்று நினைப்பவர் அபூர்வம். ஓனருக்கு வரி பயம். குடியிருப்பவருக்கு ஓனர் பயம். எனக்கும் ஒரு பயம் உண்டு, பதிவு செய்யுங்கள் என்று அழுத்திச் சொன்னால் அடுத்த தெருக் கடைக்குப் போய்விடுவார்கள். வரித்துறைக்கு இந்தப் பதிவை அனுப்பமாட்டோம், வாடகையைத் தெரிந்துகொள்ள மட்டும்தான் என்று சட்டபூர்வமாக உறுதி கொடுங்கள். கட்டணத்தை இல்லாமல் செய்யுங்கள். பதிவு செய்த ஒப்பந்தம் இருந்தால் குடியிருப்பவருக்கு ரேஷன் அட்டை மாற்றமும் பள்ளிச் சேர்க்கைக்கான முகவரிச் சான்றும் கேள்வி இல்லாமல் கிடைக்கும் என்று ஆக்குங்கள். அப்போது அவரே ஓனரை இழுத்துக்கொண்டு வருவார். ஆண்டுக்கு ஒருமுறை வட்ட வாரியாக, வீட்டின் அளவு வாரியாக, நடுத்தர வாடகையை வெளியிடுங்கள். பெயரும் கதவு எண்ணும் யாருக்கும் வேண்டாம்.

அது ஒழுங்காக ஓடச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை முழுமைத் திட்டம் காத்திருக்காது. ஆகவே இப்போதைக்கு ஒரு வாடகைக் கணக்கெடுப்பு நடத்துங்கள். கல்லூரி மாணவர்களை வைத்தே செய்யலாம். எந்தெந்தப் பகுதி என்று கேட்டால், கண்ணில் படாத இடங்களைச் சொல்வேன்: திருவல்லிக்கேணி மேன்ஷன், காசிமேட்டு ஒற்றை அறை வீடு, ஒரகடம் லைன் வீடு, மறைமலைநகரில் ஏழு பேர் சேர்ந்து எடுத்த பேச்சிலர் ரூம், எங்கள் ஊர் மாடி போர்ஷன். நான்கு கேள்விகள் போதும்: குடும்ப வருமானம் எவ்வளவு, வாடகையும் அட்வான்ஸும் எவ்வளவு, வேலைக்குப் போக எவ்வளவு செலவு, கடைசியாக வீடு மாறியது ஏன். நான்காவது கேள்விக்கு வரும் பதில்களை மட்டும் படித்தாலே திட்டத்தின் பாதி வேலை முடிந்துவிடும்.

வரைவு வெளியானதும் ஆட்சேபனைக்கு அவகாசம் தருவீர்கள். வீட்டுவசதி அத்தியாயத்தைத் தமிழில், அட்டவணைகளோடு வெளியிடுங்கள். கருத்துக்கேட்புக் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். வார நாளில் காலை 11 மணிக்கு வைத்தால் மனை விற்பவர்கள் வருவார்கள், சங்கத் தலைவர்கள் வருவார்கள், வாடகை கொடுப்பவர் அந்த நேரத்தில் வேலையில் இருப்பார். செங்கல்பட்டிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் பொன்னேரியிலும் ஒவ்வொரு கூட்டமாவது வேண்டும், எழும்பூர் வந்துபோக ஒரு நாள் கூலி போய்விடும். எங்கள் பக்கம் கூட்டம் வைப்பதானால் சொல்லுங்கள், நோட்டீஸ் அடித்துக் கொடுக்க நான் தயார். பேப்பர் செலவு மட்டும் உங்களுடையது.

இப்படிக்கு,
வாடகை ஒப்பந்தம் டைப் செய்பவன்,
(சொந்தக் கடை இல்லை, அதுவும் வாடகைதான்)
கூடுவாஞ்சேரி